கொட்டவிருந்த நீரில் எண்பது லட்சம் செல்கள்

மே மாதம் முழுக்க எனக்கு ஒரே வேலைதான். ரத்தத்திலிருந்து சிடி4 டி செல்களை (மேற்பரப்பில் சிடி4 என்ற அடையாளப் புரதம் உள்ள, நோய் எதிர்ப்புக்கான வெள்ளையணு வகை) பிரிக்க வேண்டும், அவற்றிலும் இதுவரை எந்தக் கிருமியையும் எதிர்கொள்ளாத நைவ் செல்களை மட்டும் தனியே எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். செய்முறைத் தாளில் படித்தால் மூன்றே படி: அடர்த்தியை வைத்து வெள்ளையணுக்களை எடு, காந்தத்தை வைத்து வேண்டாததை நீக்கு, சார்ட்டரில் (செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) போட்டு வேண்டியதைப் பிடி. எனக்கு நான்கு முறை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஒருவர் கையை நீட்டி 20 மி.லி. ரத்தம் கொடுத்திருக்கிறார், நெறிமுறைக் குழுவின் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அதை நான் வீணடித்தேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதல் முறை நடந்தது இப்படி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடி ட்யூபில் காலை ஒன்பது மணிக்கு ரத்தம் வந்தது. சம அளவு பிபிஎஸ் (செல்களைக் கெடுக்காத உப்புக் கரைசல்) கலந்து 40 மி.லி. ஆக்கினேன். இரண்டு 50 மி.லி. ட்யூபில் தலா 15 மி.லி. ஃபைகால் ஊற்றி, அதன்மேல் தலா 20 மி.லி. ரத்தக் கலவையை அடுக்கினேன். இந்த அடுக்குகிற வேலையைப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ட்யூபை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் முனையைக் ஃபைகாலுக்குச் சற்று மேலே சுவரோடு ஒட்டவைத்து, ரத்தம் சுவர்வழியே வழுக்கி வந்து ஃபைகாலின் மேல் படுத்துக்கொள்ளும்படி விட வேண்டும். முதல் 2 மி.லி.தான் கண்டம். அது கலங்காமல் படிந்துவிட்டால் மீதியைக் கொஞ்சம் வேகமாகவே விடலாம், சிவப்புக்கும் நிறமில்லாத ஃபைகாலுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு நிற்கும்.

ஃபைகால் என்பது அடர்த்தி 1.077 கொண்ட ஒரு சர்க்கரைப் பாலிமர் கரைசல். நார்வேயில் ஆர்னே போயும் 1968இல் வெளியிட்ட முறையின் அடிப்படையில்தான் உலகம் முழுக்க இன்றும் இதைச் செய்கிறார்கள். அவருடைய யோசனை எளிமையானது. வெள்ளையணுக்களில் லிம்ஃபோசைட் (டி செல்கள் இந்த வகைதான்), மோனோசைட் இரண்டும் 1.077ஐ விட லேசானவை, அதனால் மேலே மிதக்கும். இன்னொரு வகையான கிரானுலோசைட்டுகள் கனமானவை. சிவப்பணுக்கள் ஃபைகால் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அவையும் கீழே இறங்கும். சுழற்றி எடுத்தால் மேலே மஞ்சள் ப்ளாஸ்மா, அதற்கு அடியில் வெள்ளை வளையம், அப்புறம் தெளிந்த ஃபைகால், அடியில் சிவப்பு.

எனக்கு வந்தது தெளிவான வளையம் அல்ல. இளஞ்சிவப்பாக, ஓரம் பிசிறடித்து, கீழே ஃபைகாலும் கலங்கலாக இருந்தது. சரி, இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று எடுத்துக் கழுவினேன். எண்ணிப் பார்த்தால் 90 லட்சம். ஆரோக்கியமான ஒருவரின் 1 மி.லி. ரத்தத்தில் சாதாரணமாக 10 முதல் 20 லட்சம் வரை கிடைக்கும், 20 மி.லி.க்கு 2 கோடியாவது வந்திருக்க வேண்டும். இருந்தும் காந்தப் படிக்குப் போனேன், தூய்மை 81 சதவீதம்தான். சார்ட்டரில் நாஸில் (செல்கள் வெளியே வரும் நுண்துளை முனை) இரண்டு முறை அடைத்துக்கொண்டது. மாலை ஏழு மணிக்குக் கையில் இருந்தது இரண்டரை லட்சம் செல், அதில் பாதி அடுத்த நாள் காலைக்குள் செத்துவிட்டது.

எங்கள் லேபில் ஒரு அக்கா இருக்கிறார், பன்னிரண்டு வருடமாக இதே வேலை. என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "வளையத்துல இருந்தத எண்ணியிருக்க. கொட்டினத எண்ணினியா தம்பி?"

எண்ணவில்லை. "அடுத்த தடவ ஒரு சொட்டு கொட்டாத. எல்லாத்தையும் பேர் எழுதி ஐஸ்ல வை. செல்லு எங்கயும் மாயமாப் போகாது, ஏதாவது ஒரு ட்யூபுல இருக்கும்."

இரண்டாவது முறை அப்படியே செய்தேன். மேல் ப்ளாஸ்மா ஒரு ட்யூப், வளையம் ஒன்று, அடியில் மிஞ்சிய ஃபைகால் ஒன்று, முதல் கழுவல் நீர், இரண்டாம் கழுவல் நீர் என்று எல்லாவற்றையும் வைத்தேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து 3 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கலந்து நியூபாயர் சேம்பரில் (கட்டம் போட்ட, செல் எண்ணும் கண்ணாடித் தட்டு) எண்ணினேன். அந்த அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும், உட்கரு உள்ள செல்கள் மட்டும் தெரியும். மூலையில் உள்ள பெரிய சதுரம் ஒன்றில் 0.1 மைக்ரோலிட்டர் அடங்கும், ஆகவே சராசரியைப் பத்தாயிரத்தால் பெருக்கி, நீர்த்த அளவாலும் பெருக்கினால் 1 மி.லி.யில் எத்தனை என்று வந்துவிடும். முதல் கழுவல் நீரை வைத்துப் பார்த்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. சதுரத்துக்குச் சதுரம் வட்ட வட்டமாக லிம்ஃபோசைட். கணக்குப் போட்டால் 80 லட்சம். கொட்டிவிடப் போகிற நீரில் 80 லட்சம்! போன முறை சிங்க்குப் பக்கத்தில் இருக்கும் ஹைப்போ (கிருமிநாசினி) வாளியில் நான் ஊற்றியதும் இதைத்தான்.

காரணம் யோசித்தால் வெட்டவெளிச்சம். வளையத்தை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் அடியிலிருந்த ஃபைகாலையும் சேர்த்து இழுத்திருக்கிறேன், இரண்டு ட்யூபிலிருந்தும் சேர்ந்து 8 மி.லி. அதை 15 மி.லி. ட்யூபில் விட்டு மீதியைப் பஃபரால் (கழுவும் கரைசல்) நிரப்பினேன். அப்படியானால் பாதிக்குப் பாதி ஃபைகால். திரவம் இன்னும் கனமாகவே இருக்கிறது, அதில் செல் மெதுவாகத்தான் இறங்கும், 300 ஜி (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு) விசையில் 10 நிமிடம் போதாது. அடியில் ஒரு பெல்லட் (படிந்த செல்களின் கட்டி) தெரிந்ததால் எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டேன். எடுத்த அளவுக்குக் குறைந்தது மூன்று மடங்காவது பஃபர் ஊற்ற வேண்டும். இப்போது வளையத்தை எப்போதும் 50 மி.லி. ட்யூபில்தான் சேர்க்கிறேன், மேல்வரை நிரப்பி, மூடியைப் போட்டு இரண்டு முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்கிவிட்டுத்தான் சுழற்றுகிறேன். கலக்காமல் விட்டால் ஃபைகால் அடியிலேயே தங்கி இன்னொரு அடுக்கு போலாகி செல்லைத் தாங்கிக்கொள்ளும், இதையும் ஒரு முறை பார்த்தேன்.

எண்ணிக்கைக்குக் காரணம் கிடைத்தது. ஆனால் வளையம் ஏன் சிவப்பாக வந்தது என்பதற்குக் கிடைக்கவில்லை. செல்களை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்த்தால் ஐந்தில் ஒன்று, உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்த கிரானுலோசைட். கீழே போயிருக்க வேண்டியவை மேலே நிற்கின்றன. ஒன்று, போதிய விசை இல்லை. இல்லையென்றால் ஃபைகால் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறது. தேடிப் பார்த்தால் இரண்டுமே உண்மை.

விசை விஷயம் முதலில். சென்ட்ரிஃப்யூஜ் (ட்யூபைச் சுழற்றும் இயந்திரம்) மூடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் "ஃபைகால்: 1400 ஆர்பிஎம், 30 நிமிடம், பிரேக் வேண்டாம்" என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், நான் வந்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துப் போடுகிறேன். அந்தச் சீட்டு பழைய சென்ட்ரிஃப்யூஜிலிருந்து கழற்றி ஒட்டியது என்று அக்கா சொன்ன பிறகுதான் ரோட்டரின் ஆரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். பழையது 18 செ.மீ., இது 14.5. விசைக்கான சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 0.00001118ஐ செ.மீ. கணக்கில் ஆரத்தால் பெருக்கி, ஆர்பிஎம்மின் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வர்க்கத்தால் பெருக்கினால் ஜி. பழைய ரோட்டரில் 1400 என்றால் 394 ஜி, தேவையான 400க்குப் பக்கத்தில். நம்முடையதில் அதே 1400க்கு வெறும் 318. ஐந்தில் ஒரு பங்கு விசை குறைவு. 400 வேண்டுமென்றால் 1570 போட வேண்டும். மஞ்சள் சீட்டைக் கிழித்துவிட்டு ஜி கணக்கில் புதிதாக எழுதி ஒட்டினேன். ஆர்பிஎம் மட்டும் எழுதிய எந்தச் செய்முறையையும் இனி ஆரம் கேட்காமல் தொடப்போவதில்லை.

அடுத்தது வெப்பநிலை. இரண்டு முறையும் ஃபைகால் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றியிருக்கிறேன். எனக்கு முன்னால் புரத வேலை செய்தவர் சென்ட்ரிஃப்யூஜை 4 டிகிரியில் விட்டுப் போயிருக்கிறார், ரோட்டரும் சில்லென்று இருந்திருக்கும். குளிரில் ஃபைகாலின் அடர்த்தி கூடிவிடும், கிரானுலோசைட்டும் சிவப்பணுவும் அதைத் தாண்டிக் கீழே போக முடியாமல் வளையத்திலேயே தங்கிவிடும். சரி, அப்படியானால் மேசைமேல் வைத்துவிடலாம் என்றால் அதுவும் தப்பு. செய்முறையில் எழுதியிருக்கும் "அறை வெப்பநிலை" என்பது 18 முதல் 20 டிகிரி. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத மேசை 33 டிகிரி, அங்கே வைத்தால் ஃபைகால் லேசாகி லிம்ஃபோசைட்டே அதற்குள் மூழ்கிப் போகும், எண்ணிக்கை குறையும். இப்போது முந்தின மாலையே பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஒளி படக்கூடாது என்பதால் ஃபாயில் சுற்றி, இரவும் ஏசி ஓடுகிற கல்ச்சர் அறையில் வைத்துவிடுகிறேன். காலையில் பிபிஎஸ், ரத்தம் எல்லாமே அந்த அறையில்தான். சென்ட்ரிஃப்யூஜை ஒரு மணி நேரம் முன்னாலேயே 20க்கு மாற்றி வெறுமனே ஓடவிடுகிறேன்.

மூன்றாவது முறை. முப்பது நிமிடம் முடிந்து, பிரேக் இல்லாமல் அது தானாக நிற்கப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். மூடியைத் திறந்து ட்யூபை வெளிச்சத்தில் தூக்கினால், பாலாடை படிந்தாற்போல் ஒரு வெள்ளைத் தட்டு, மேலே மஞ்சள், கீழே தண்ணீர்போல் தெளிவு. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, ட்யூபை வாங்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எண்ணிக்கை 2 கோடியே 40 லட்சம். இரண்டாவது கழுவலை 200 ஜியில் மட்டும் செய்தேன், அந்த மெதுவான வேகத்தில் தட்டணுக்கள் நீரோடு போய்விடும், செல்கள் மட்டும் அடியில் நிற்கும். தட்டணுக்கள் நிறைய தங்கினால் செல்களைக் கோத்துக் கட்டியாக்கும், நாஸில் அடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காந்தப் படியைப் பற்றி. இதில் நாம் பயன்படுத்துவது 50 நானோமீட்டர் அளவுள்ள காந்த மணிகள், ஜெர்மனியில் ஸ்டெஃபான் மில்டெனியும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட முறை. நாங்கள் செய்வது எதிர்மறைத் தேர்வு. வேண்டாத செல்கள் எல்லாவற்றிலும், அவற்றின் அடையாளப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்ட்டிபாடி ஒட்டி (பி செல்லுக்கு சிடி19, மோனோசைட்டுக்கு சிடி14, கிரானுலோசைட்டுக்கு சிடி15, சிவப்பணுவுக்கு சிடி235ஏ, இப்படி ஒரு பட்டாளம்) அவற்றை மணிகளோடு, காந்தத்துக்குள் செருகிய குழாயில் (column) பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும், நமக்கு வேண்டிய சிடி4 செல் எதுவும் ஒட்டாமல் கீழே வழிந்து வரும். கையே படாத செல் என்பதால் அப்புறம் தூண்டிப் பார்க்கிற சோதனைக்கு நல்லது. முதல் முறை தூய்மை ஏன் 81 என்பது இப்போதுதான் புரிந்தது. கிட்டில் இருக்கும் மருந்தின் அளவு 1 கோடி செல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டது. வளையத்தில் எக்கச்சக்கமாகச் சிவப்பணு கலந்திருந்தால், அவை என் எண்ணிக்கையில் வராமலேயே ஆன்ட்டிபாடியையும் மணியையும் தின்றுவிடும், பிடிக்க வேண்டியவற்றில் ஒரு பகுதி பிடிபடாமல் நழுவும். காந்தக் குழாயில் தேடினால் கிடைக்காத காரணம், அதற்கு முந்தின ட்யூபில் இருந்தது.

காந்தக் குழாயிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரில் காற்று கரைந்திருக்கும், குழாய்க்குள் போய்ச் சூடானதும் குமிழியாக வெளியே வரும். மூன்றாவது முறை குழாய் நடுவழியில் நின்றே விட்டது, சொட்டு இல்லை. மேலிருந்து பிளஞ்சரால் தள்ளினால் பிடித்துவைத்த செல்களும் சேர்ந்து வந்துவிடும், தள்ளக் கூடாது. வேறு வழியில்லாமல் மேலே மீந்திருந்ததை எடுத்து இரண்டாவது குழாயில் விட்டேன். நான்காவது முறைக்குப் பஃபரை முன்கூட்டியே வெற்றிடத்தில் இருபது நிமிடம் வைத்துக் காற்றை வெளியேற்றினேன், செல்களை 30 மைக்ரான் வடிகட்டி வழியாக விட்டேன், ஒரே சீராகச் சொட்டியது. தூய்மை 94. கிடைத்த சிடி4 செல் 60 லட்சம்.

இனி சார்ட்டர். அது வேறு கட்டடத்தில் இருக்கும் பொது வசதி, நேரம் வாங்கிப் போக வேண்டும், அதை இயக்கும் அண்ணா ஒருவர் இருக்கிறார். முதல் தடவை நான் கலங்கிய செல்லோடு போய் நின்றபோதும் முகம் சுளிக்காமல் இரண்டு முறை நாஸிலைக் கழற்றிச் சுத்தம் செய்தவர் அவர்தான். நான்காவது முறை சாயம் போட்ட செல்களை இடிடிஏ (மெக்னீசியம், கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) கலந்த பஃபரில், 35 மைக்ரான் வலை மூடி உள்ள ட்யூபில் வடித்து, ஐஸில் வைத்து எடுத்துப்போனேன். செத்த செல்களிலிருந்து கசியும் டிஎன்ஏதான் பிசின் மாதிரி மற்ற செல்களை ஒட்டவைக்கிறது, எனவே கடைசிக் கழுவலுக்கு முன் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) கலந்து பதினைந்து நிமிடம் விட்டேன், அதற்கு மெக்னீசியம் வேண்டும் என்பதால் இடிடிஏவை அதன் பிறகுதான் சேர்த்தேன். இந்த வரிசை மாறினால் டிஎன்ஏஸ் வேலையே செய்யாது.

இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் சின்னத் திரை. 70 மைக்ரான் துளையிலிருந்து வரும் நீர்த்தாரை, நொடிக்குச் சுமார் 90,000 முறை அதிர்ந்து சொட்டுச் சொட்டாக உடைகிறது. அதே தாளத்தில் விளக்கு மின்னுவதால் திரையில் சொட்டுகள் அசையாமல் முத்துமாலை கோத்ததுபோல் நிற்கும். லேசரைக் கடக்கும்போது செல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அது இருக்கும் சொட்டு தாரையிலிருந்து பிரியப்போகிற அதே கணத்தில் மின்னேற்றம் கொடுக்கிறார்கள், கீழே இரண்டு தகடுகளுக்கு நடுவே அந்தச் சொட்டு மட்டும் விலகிப் போய் நம் ட்யூபில் விழுகிறது. மேக் ஃபுல்வைலர் 1965இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இதைச் செய்துகாட்டியபோது, ரிச்சர்ட் ஸ்வீட் மை பீய்ச்சி அச்சிடுவதற்காக உருவாக்கிய சொட்டு விலக்கும் உத்தியைத்தான் எடுத்துக்கொண்டார். ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பெர்க்கின் குழு அதை ஒளிரும் சாயத்தோடு சேர்த்தது.

இப்போது யோசித்தால் நாஸில் பாதி அடைத்தாலும் ஏன் தூய்மை கெடுகிறது என்று தெரிகிறது. தாரை உடையும் இடம் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும், கணக்குப் போட்ட நேரம் பிசகி, செல் இல்லாத பக்கத்துச் சொட்டுக்கு மின்னேற்றம் போய்விடும். அண்ணா அன்று மூன்று முறை அந்த உடையும் புள்ளியைச் சரிபார்த்தார். ஒரு நாஸில் அடைப்பும் இல்லை. நொடிக்குப் பத்தாயிரம் செல் வேகத்தில் ஓட்டினோம், அதாவது ஒன்பது சொட்டுக்கு ஒரு செல். இரட்டைச் செல்களை வடிவத்தை வைத்து நீக்கி, செத்தவற்றை 7ஏஏடி சாயத்தால் நீக்கி, சிடி4, சிடி45ஆர்ஏ, சிசிஆர்7 மூன்றும் உள்ளவற்றை (நைவ் செல்லின் அடையாளங்கள்) மட்டும் எடுத்தோம். சிசிஆர்7க்கு ஒரு குறிப்பு: ஐஸில் சாயம் போட்டால் மங்கலாகத்தான் தெரியும், நான் 37 டிகிரியில் பதினைந்து நிமிடம் போட்ட பிறகுதான் இரண்டு கூட்டமும் தெளிவாகப் பிரிந்தன.

இயந்திரம் காட்டிய எண் 22 லட்சம். லேபுக்கு வந்து கையால் எண்ணினால் 17 லட்சம். இதற்கும் பழக்கத்தில் தேடினேன், ட்யூபின் உள்சுவரில் மேல்பக்கம் சின்னச் சின்னச் சொட்டுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. மின்னேற்றம் உள்ள சொட்டு ப்ளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சேகரிப்பு ட்யூபை முந்தின இரவே சீரம் ஊற்றி ஊறவைக்கும்படி அண்ணா சொல்லியிருந்தார், நான் அரை மணி நேரம்தான் ஊறவைத்தேன். அடுத்த முறை இரவு முழுக்க வைக்கப்போகிறேன், எடுத்ததும் ஒரு முறை சாய்த்து உருட்டிச் சுவரைக் கழுவியும் பார்ப்பேன். மீண்டும் ஓட்டிப் பார்த்ததில் தூய்மை 98 சதவீதம், உயிரோடு இருந்தவை 96.

இந்த 17 லட்சத்தை டி செல்லைத் தூண்டும் சிடி3, சிடி28 மணிகளோடு சேர்த்து 96 குழித் தட்டில் போட்டு வைத்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, குழி முழுக்கத் தனித்தனிப் புள்ளிகள். மூன்றாம் நாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலை திராட்சைக் குலையாகச் செல்கள் கூடியிருந்தன, ஓரங்களில் பெருத்த செல்கள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தன. மணி சேர்க்காத குழியில் அதே புள்ளிகள், அமைதியாக. அக்கா வந்து பார்த்தார், "மிச்சம் வச்ச ட்யூபெல்லாம் இன்னும் ஐஸ்ல இருக்கா?" என்று கேட்டார். இருந்தன. நான்காவது முறையின் முதல் கழுவல் நீரையும் எண்ணிவிட்டேன், மூன்று லட்சம். வியாழக்கிழமை அடுத்தவர் ரத்தம் கொடுக்க வருகிறார், ஃபைகாலைப் புதன் மாலை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.